சோபா பார்டர், சுவர் உடல்



இன்னைக்கு சுகர், பி.பி., கொலஸ்டிரால் எதுவும் இல்லை. (கொலஸ்டிரால் மட்டும் நடுவுல ஒரு இடத்துல எட்டிப் பார்க்கும்.) இன்னைக்கு விஷயம் பெயிண்ட்.

போன வாரம் எங்க வீட்டு ஹால் போட்டோ ஒண்ணு போட்டிருந்தேன். "டாக்டர், எங்க வீட்லயும் இதே மெரூன் சோபாதான், சுவருக்கு என்ன கலர் அடிச்சீங்க?"ன்னு உள்பெட்டியில நிறைய பேர் கேட்டுட்டீங்க. ஒரு வரியில பதில் சொல்லலாம், சந்தனக் கலர். ஆனா ஏன் சந்தனம்னு சொல்லாம விட்டா அது மருந்துச் சீட்டுல மாத்திரை பேர் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பற மாதிரி. அதனால கொஞ்சம் நீளமான இழை. காஞ்சிபுரத்துக்காரி இழை போட்டா நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல பேர். ஃபர்னிச்சர் கடையில இதை பர்கண்டின்னு சொல்வாங்க. பிரான்ஸ்ல பர்கண்டிங்கற பகுதியோட ஒயின் நிறம் அது. மெரூன்ங்கற பேரும் பிரெஞ்சுல இருந்து வந்ததுதான், ஒரு வகைக் கொட்டையோட பழுப்பு நிறத்தைக் குறிக்கிற சொல். எங்க ஊர்ல ரெண்டும் கிடையாது. அரக்கு. மரக்கிளையில ஒட்டி வாழற ஒரு சின்னப் பூச்சி விடற பிசின்தான் அரக்கு, அதுல இருந்து எடுக்கற சாயமும் அந்தச் சிவப்புதான். இப்போ சாயப்பட்டறையில எல்லாம் ரசாயனச் சாயம், ஆனா பேர் மட்டும் பூச்சியோடதே நிலைச்சுடுச்சு.

உங்க சோபா இதுல எதுன்னு தெரியணும்னா பகல்ல ஜன்னல் ஓரமா இழுத்துப் போட்டு, மேல ஒரு வெள்ளைத் தாளை வைங்க. கத்திரிப்பூ சாயல் தெரிஞ்சா பர்கண்டி. பழுப்பு தெரிஞ்சா மெரூன். ரெண்டுக்கும் நடுவுல, சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தா அரக்கு. சுவர் நிறம் எடுக்கறதுக்கு இந்த வித்தியாசத்தை விட, மூணுமே ரொம்ப இருண்ட நிறங்கள்ங்கறதுதான் முக்கியம். அதுக்குப் பின்னாடி வர்றேன்.

எங்க வீடு சின்ன காஞ்சிபுரத்துல, வரதராஜப் பெருமாள் கோயில்ல இருந்து நடந்து போற தூரம். பழைய வீடு. ஹால் 12க்கு 14 அடி. தெருப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். கீழே சிவப்பு ஆக்சைடு தரை, எங்க பாட்டி காலத்துல போட்டது, தேய்ச்சுத் தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆயிருக்கு.

சோபாவை அப்பா 1998-ல வாங்கினார். சொசைட்டி தறிக்காரர். தறியில இருந்த அரக்கு நூல்ல ஒரு துண்டை வெட்டி சட்டைப்பையில வச்சுக்கிட்டு கடைக்குப் போனார். துணி மாதிரி ஒவ்வொண்ணு மேலயும் அந்த நூலை வச்சுப் பார்த்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வரச்சொல்லி, கடைக்காரரைப் பாதி நாள் படுத்தி எடுத்திருக்கார். சாயப்பட்டறைக்குப் போனா எப்படிப் பார்ப்பாரோ அப்படியே. அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு. சோபாவுக்கு ரெண்டு தடவை ஸ்பிரிங் மாத்தியாச்சு, துணி மாத்தலை.

இப்போ அம்மாவோட கண்ணு.

அம்மா வாழ்நாள் முழுக்கத் தார் சுத்தினவங்க. கண்ணுல பிரச்சனைன்னு முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்லை, எந்த மெஷினும் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுத்துப் பார்த்துட்டு, "என்னடி இது, பார்டர் வளைஞ்சு வளைஞ்சு போகுது, எவன் நெஞ்சான் இதை?"ன்னு கேட்டாங்க. பார்டர் நேராத்தான் இருந்துச்சு. விழித்திரையோட நடு மையம், மாக்குலான்னு சொல்வோம், அது வயசுல பழுதாகும்போது நேர்கோடு வளைஞ்சு தெரியும். இதை மட்டும் தயவுசெய்து ஞாபகம் வச்சுக்கோங்க. 50 தாண்டின யாராவது கதவு நிலை, ஜன்னல் கம்பி, டைல்ஸ் கோடு வளைஞ்சு தெரியுதுன்னு சொன்னா, கண்ணாடி பவர்னு தள்ளிப் போடாதீங்க. அந்த வாரமே விழித்திரை டாக்டர். சில வகைகளுக்கு ஊசி இருக்கு, அது நேரத்தோட போட்டாத்தான் பலன்.

அம்மாவுக்கு ஒரு கண்ணுல ஊசி போட்டு நிறுத்தி வச்சிருக்கோம். இன்னொரு கண்ணுல மெதுவா போய்க்கிட்டிருக்கு. இப்படிப்பட்ட கண்ணுக்கு எழுத்து தெரியாமப் போறது வெளியில தெரியற பிரச்சனை. வெளியில தெரியாத பிரச்சனை வேற ஒண்ணு: பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு பொருளைப் பிரிச்சுப் பார்க்கற திறன் குறைஞ்சுடும். வெள்ளைத் தட்டுல வெள்ளைச் சோறு தெரியாது. கறுப்புக் கல்லுல கறுப்புச் செருப்பு தெரியாது. சிவப்புத் தரையில அரக்கு சோபா தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் சோபா இருக்குன்னு நினைச்சு உட்காரப் போய், ஓரத்துல பாதி உட்கார்ந்து சரிஞ்சுட்டாங்க. அடி இல்லை. ஆனா எலும்பு தேய்ஞ்ச 74 வயசுல இடுப்பு எலும்பு உடைஞ்சா அதுக்கப்புறம் வாழ்க்கை எப்படி மாறும்னு என்னை விட நல்லாத் தெரிஞ்சவங்க அந்த வீட்ல யாரும் இல்லை.

இதைக் கேட்டதும் தம்பி போன்ல, "அக்கா, முதல்ல அந்த சோபாவைத் தூக்கிப் போடு, நான் புதுசு வாங்கித் தர்றேன், கிரே கலர்ல. இப்போ எல்லாரும் கிரேதான்"னான். அம்மா ஒண்ணும் சொல்லலை. அவன் கிட்டயும் சொல்லலை, என் கிட்டயும் சொல்லலை. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த சோபாவோட இடது ஓரத்துல உட்காருவாங்க, வலது ஓரம் அப்பாவோடது. அவ்வளவுதான். நாங்க யாரும் அதுக்கப்புறம் சோபாவைப் பத்திப் பேசலை, சுவரைப் பத்திப் பேச ஆரம்பிச்சோம்.

கடைசியா பெயிண்ட் அடிச்சது 2019-ல. அத்திவரதர் 48 நாள் வெளியில இருந்தப்போ சொந்தக்காரங்க எல்லாம் நம்ம வீட்லதான் தங்குவாங்கன்னு அவசரமா அடிச்சது. வெளிர் நீலம். அம்மாவுக்கு அப்போ ரெண்டு கண்ணுலயும் புரை. புரை முத்த முத்தக் கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாகும், மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி நீலத்தை வடிகட்டிடும். ரெண்டு வருஷம் கழிச்சு ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வந்தவங்க, ஹால்ல நின்னு, "சுவர் எப்போடி நீலமாச்சு?"ன்னு கேட்டாங்க.

இந்தத் தடவை பெயிண்டர் அண்ணன் ஷேட் கார்டு கொண்டு வந்தார். எங்க ஊர்ல திருவெஃகா கோயில் பெருமாளுக்குப் பேரே சொன்னவண்ணம் செய்த பெருமாள். எங்க பெயிண்டர் அண்ணனும் அப்படித்தான். "டாக்டரம்மா, நீங்க சொல்ற வண்ணம் செஞ்சுடறேன், ஆனா சொல்லிடுங்க"ன்னுட்டு கார்டை வச்சுட்டுப் போயிட்டார். அதுல ஆயிரத்துக்கு மேல கட்டம். வெள்ளையில மட்டும் முப்பது இருக்கும்.

வழி காட்டினது பக்கத்து வீட்டுப் பெரியப்பா. அம்பது வருஷம் தறியில உட்கார்ந்தவர். கார்டைப் புரட்டிப் பார்த்துட்டு மடிச்சு வச்சுட்டார்.

"ஏம்மா டாக்டரு, அரக்குக்கு எது சேரும்னு கேட்டா எல்லாரும் அரக்குப் புடவையைத்தான் மனசுல நினைக்கறாங்க. அரக்கு உடல், பச்சை பார்டர். அரக்கு உடல், மயில்கழுத்து பார்டர். அது தலைகீழ். உன் வீட்ல அரக்கு எவ்வளவு? ஒரு சோபா. சுவர்தான் உடல், சோபா பார்டர். அரக்கு பார்டர் போட்ட புடவையில உடல் என்னன்னு பாரு."

எனக்கு இது எந்தப் புத்தகத்துலயும் கிடைக்காத விஷயம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்க ஹால் சுவர் நாலும் சேர்ந்தா, 10 அடி உயரத்துக்கு, 520 சதுர அடி. கதவு ஜன்னல் கழிச்சாலும் 450 நிக்கும். சோபாவும் ரெண்டு ஒத்தை சேரும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியற பரப்பு 45 தாண்டாது. பத்துல ஒரு பங்கு. பட்டுப் புடவை அகலம் 48 அங்குலம்னு வச்சா, பார்டர் 4, 5 அங்குலம். பெரியப்பா கண்ணாலயே அளந்துட்டார்.

அரக்கு பார்டருக்கு நம்ம ஊர்ல காலங்காலமா வர்ற உடல் எதெல்லாம்? அரை வெள்ளை, சந்தனம், கடுகு மஞ்சள், மாம்பழம், இலைப்பச்சை, மயில்கழுத்து. கவனிச்சுப் பார்த்தா, இதுல பாதி நல்ல வெளிச்சமான நிறங்கள். அரக்கு உடலுக்குப் போற பச்சையும் நீலமும் பார்டர்ல சின்னதா இருக்கறதால தாங்கும். அதையே நாலு சுவருக்கும் அடிச்சா ஒரு ஜன்னல் வீட்ல பகல்லயே லைட் போடணும்.

இனி கொலஸ்டிரால் வருது.

மிஷெல் யூஜின் ஷெவ்ரல்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர். கொழுப்பு ஆராய்ச்சியில பெரிய ஆள், கொலஸ்டிராலுக்கு அந்தப் பேர் வர்றதுக்குக் காரணமானவர். 102 வயசு வரைக்கும் இருந்தார். (கொலஸ்டிராலைக் கண்டு பயப்படறவங்களுக்கு இந்தத் தகவல் இலவசம்.) அவரை 1824-ல பாரிஸ்ல கோப்லான் நெசவாலைக்குச் சாயப் பிரிவு இயக்குநராப் போட்டாங்க. அங்க வந்த புகார்ல ஒண்ணு, கறுப்புச் சாயம் சரியில்லை, வெளுத்துத் தெரியுதுங்கறது. அவர் வேற இடத்துக் கறுப்பு நூலோட எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்துல குறை இல்லை. பக்கத்துல நெஞ்ச நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டுச்சு. ஒரு நிறம் தன் பக்கத்துல இருக்கற நிறத்து மேல தனக்கு எதிர் நிறத்தைப் பூசிக் காட்டும். சாயத்துல இல்லை, நம்ம கண்ணுல. 1839-ல இதைப் பெரிய புத்தகமாவே போட்டார்.

சிவப்புக்கு எதிர்ப் பக்கம் பச்சை. ஆபரேஷன் தியேட்டர்ல பச்சைத் துணி ஏன்னு பல பேர் கேட்பீங்க. முன்னாடி அங்க எல்லாமே வெள்ளை. ரத்தத்தையே உத்துப் பார்த்துட்டு தலையை நிமிர்த்தி வெள்ளைச் சுவரைப் பார்த்தா பச்சைத் திட்டுத் திட்டா மிதக்கும், கண் கூசும். 1914-ல சான் பிரான்சிஸ்கோவுல ஹாரி ஷெர்மன்னு ஒரு சர்ஜன் தியேட்டருக்குக் கீரைப் பச்சை கொண்டு வந்தார். பச்சைத் திட்டு பச்சையிலயே கரைஞ்சு போச்சு.

இதை ஹாலுக்குக் கொண்டு வாங்க. அரக்கு சோபாவுக்குப் பின்னாடி பளிச்னு சுத்த வெள்ளை அடிச்சா, சோபாவை ஒட்டின சுவர்ல லேசாப் பச்சை ஏறின, நோயாளி மாதிரி ஒரு வெள்ளை தெரியும். சாம்பல்ல இன்னும் மோசம், அது கிட்டத்தட்ட எந்த நிறத்தையும் தன் மேல ஏத்திக்கும். தம்பி சொன்ன கிரே அதனாலதான் மெரூன் வீடுகள்ல பல நேரம் ஈரச் சுவர் மாதிரி தெரியுது. (அவனுக்கு இதைச் சொல்லியாச்சு. "சரி அக்கா"ன்னுட்டு அவன் வீட்ல கிரேயே அடிச்சுக்கிட்டான். சந்தோஷம், அவன் சோபா நீலம்.) அப்போ முழுப் பச்சைச் சுவர்? சிவப்பும் பச்சையும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விட்டுக் கத்தும். புடவையில அந்தச் சத்தம் அழகு, கல்யாணத்துக்கு மூணு மணி நேரம் கட்டிக்கறது. தினமும் சாயங்காலம் அதுக்குள்ள உட்கார முடியாது. சந்தனத்துல இருக்கற மெல்லிய மஞ்சள் சூடு, அந்தப் பச்சைச் சாயலை மேல வரவிடாம அமுக்கிடும். அரக்கு அரக்காவே நிக்கும்.

இது அழகுக் கணக்கு. அம்மாவுக்குத் தேவை இன்னொரு கணக்கு.

ஒரு பரப்பு தன் மேல விழற வெளிச்சத்துல எவ்வளவு திருப்பி அனுப்புதுங்கறதுக்கு 0-ல இருந்து 100 வரைக்கும் ஒரு அளவு உண்டு. பெயிண்ட் கம்பெனிகள் பல ஷேடுகளுக்கு இதைக் கொடுத்திருப்பாங்க, கேட்டு வாங்குங்க. பார்வை குறைஞ்சவங்களுக்கான பிரிட்டிஷ் கட்டட வழிகாட்டுதல்ல, பிரிஞ்சு தெரிய வேண்டிய ரெண்டு பரப்புக்கு நடுவுல 30 புள்ளி வித்தியாசம் வைக்கச் சொல்றாங்க. அரக்கு 10-க்குள்ளதான் வரும். நல்ல சந்தனம் 60-ஐத் தாண்டும். சுவர் பாஸ். இப்போ ஃபேஷன்ல இருக்கற வெங்காயத்தோல் நிறம், பழைய ரோஜா நிறம் எல்லாம் அரக்கோட பார்க்க அருமையா இருக்கும், எனக்கே ஆசைதான். ஆனா கொஞ்சம் அடர்த்தியா எடுத்தா வித்தியாசம் சுருங்கிடும். வயசானவங்க இல்லாத வீடுன்னா தாராளமா அடிங்க.

அளவெல்லாம் வேண்டாம்னா சுலபமான வழி ஒண்ணு. போன்ல ஹாலை ஒரு போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்துங்க. சோபா எதோட கரைஞ்சு போகுதோ, அந்த இடத்துலதான் உங்க வீட்டுப் பெரியவங்க தடுமாறுவாங்க. எங்க ஹாலை அப்படி எடுத்துப் பார்த்தப்போ நீலச் சுவர்ல சோபா தெளிவாவே தெரிஞ்சுச்சு. தரையோட சேர்ந்து ஒரே கறுப்பு. கால் எங்க, தரை எங்கன்னே தெரியலை.

அதாவது சுவர் மாத்தினா மட்டும் போதாது. தரையை உடைக்க மனசு வரலை. வெளிர் நிறத்துல ஜமுக்காளம் விரிக்கலாம்னு யாராவது சொல்வீங்க. வேண்டாம். ஓரம் சுருண்ட விரிப்பு வயசானவங்க காலுக்குக் கண்ணி. திரும்பவும் பெரியப்பாதான். கோர்வைப் புடவையில உடலுக்கு ஒரு நூல், பார்டருக்கு வேற நூல், மூணு நாடா ஓடும், அந்தப் பக்க பார்டருக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். ரெண்டு நிறமும் கோத்துக்கற இடத்துல சில புடவையில ஜரிகை ஒரு கோடு போகும். "ரெண்டும் ஒண்ணா இருண்டிருந்தா நடுவுல ஜரிகை ஓட்டு"ன்னார்.

ஓட்டினோம். சோபா உட்காரும் பலகையோட முன் ஓரம் முழுக்க, கைப்பிடி ரெண்டு மேலயும், நாலு விரல் அகலத்துக்குச் சந்தனக் கலர் கெட்டித் துணிப்பட்டை. தையல்காரர் சோபாத் துணியில கை வைக்காம, கழட்டித் துவைக்கிற மாதிரி ஒட்டுப் பட்டை வச்சுத் தச்சுக் கொடுத்தார். இந்த மொத்த வேலையிலயும் செலவு கம்மி, பலன் அதிகம்னா இந்தப் பட்டைதான். பெயிண்ட் கூட அப்புறம்தான்.

அடுத்தது லைட். இதை நிறைய பேர் விட்டுடறீங்க. யான் புர்கிஞ்சேன்னு 19-ம் நூற்றாண்டு செக் மருத்துவர், இதயத்துல மின்சாரம் ஓடற இழைகளுக்கு அவர் பேர்தான், மெடிக்கல் மாணவர்களுக்கெல்லாம் தெரியும். அவர் தோட்டத்துப் பூக்களைப் பார்த்துச் சொன்ன விஷயம்: வெளிச்சம் குறையும்போது சிவப்புதான் முதல்ல கறுக்கும், நீலமும் பச்சையும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். அம்மா சரிஞ்சது சாயங்காலம். லைட் போடறதுக்கு முன்னாடி இருக்கற அந்த அரை மணி நேரம்தான் அரக்கு சோபாவுக்கு மோசமான நேரம். இப்போ அஞ்சரைக்கே தானா எரியற மாதிரி டைமர் வச்சாச்சு.

எல்.ஈ.டி. வாங்கும்போது வாட் மட்டும் பார்க்காதீங்க. டப்பாவுல சி.ஆர்.ஐ.ன்னு போட்டிருக்கும், நிறத்தை எவ்வளவு ஒழுங்காக் காட்டும்ங்கற அளவு. 80 போட்டிருக்கற சாதாரண லைட் பலதுல அடர்சிவப்பு செத்துப் போய்த் தெரியும், ஏன்னா அந்த எண்ணைக் கணக்குப் போடற எட்டு நிறத்துல அடர்சிவப்பு கிடையாது. 90-க்கு மேல பார்த்து வாங்குங்க. நம்ம வீடுகள்ல வழக்கமா மாட்டற 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் அரக்கைக் காப்பிப் பொடி ஆக்கிடும். 3000-ல இருந்து 4000 நல்லாயிருக்கு. பெயிண்ட்ல பளபளப்பு வேண்டாம். மங்கலான பினிஷ் எமல்ஷன் எடுங்க, பளபளப்புச் சுவர்ல லைட் பட்டுத் தெறிச்சா வயசான கண்ணுக்கு எதிர்ல வர்ற லாரி ஹெட்லைட் மாதிரி.

சாம்பிள் டப்பா வாங்கி நேராச் சுவர்ல அடிக்காம, பெரிய சார்ட் அட்டை மூணுல மூணு சந்தனம் அடிச்சோம். சோபாவுக்குப் பின்னாடி மாத்தி மாத்தி நிறுத்தி, காலையில ஏழு மணி, மத்தியானம், லைட் போட்ட பிறகுன்னு ரெண்டு நாள் பார்த்தோம். முடிவு அம்மாவோடது. நான் தூரத்துல நின்னு, "எதுல சோபா நல்லாத் தெரியுது?"ன்னு மட்டும் கேட்டேன். அம்மா நடு அட்டையைக் காட்டினாங்க. நான் முதல் அட்டைன்னு நினைச்சிருந்தேன். அது எனக்கு அழகா இருந்துச்சு, அவங்களுக்கு நடு அட்டையிலதான் கைப்பிடி வளைவு தனியாத் தெரிஞ்சுதாம்.

"இதுலதான் உங்கப்பா நூல் வச்சுப் பார்த்த கலர் தெரியுது"ன்னாங்க.

மூணு சுவர் சந்தனம், ஜன்னல் சுவர் மட்டும் அரை வெள்ளை, மேல் தளம் வெள்ளை. சுவிட்ச் போர்டைச் சுத்தி அரக்குல ஒரு விரல் அகலக் கோடு, அம்மா கை தேடாம இருக்க. அடிச்சு ஆறு வாரம் ஆகுது. இடது ஓரத்துல உட்காரும்போது கையால தடவிப் பார்க்கறது நின்னிருக்கு, வலது பக்கம் போகும்போது இன்னும் தடவறாங்க. அது கண்ணு சம்பந்தப்பட்டதான்னு எனக்குத் தெரியலை, நான் கேட்கவும் இல்லை.

கதவு நிலைக்கு என்ன கலர்னு பெயிண்டர் அண்ணன் தினம் கேட்டுக்கிட்டிருக்கார். பெரியப்பா கடுகு மஞ்சள்ங்கறார். அம்மா மாம்பழம்ங்கறாங்க. ரெண்டுக்கும் சார்ட் அட்டை அடிச்சு வச்சிருக்கு, ஞாயித்துக்கிழமை பார்க்கணும்.